காணிக்கைத் தட்டும் மாரத்தான் டி-ஷர்ட்டும்

குலசை என்று வழங்கும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் தசராவுக்குக் கொடி ஏறியதும் நெல்லைச் சீமைத் தெருக்களில் வேடம் கட்டியவர்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். காளி, ராஜா, குறவன், குறத்தி, போலீஸ்காரர், குரங்கு, கரடி என்று அவரவர் நேர்ந்துகொண்ட வேடம். மேளம் முன்னே போகும், தட்டு பின்னே வரும். திருநெல்வேலியில் மதுரை சாலையிலிருந்து தச்சநல்லூருக்குள் பிரியும் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். வாசலில் நிற்கும் காளியிடம் பிள்ளையைக் காட்டித் திருநீறு பூசச் சொல்வார்கள் பெண்கள். தட்டில் பத்தோ இருபதோ விழும். புரட்டாசி வெயிலில் முகச்சாயம் வழிய நிற்கிற அந்த ஆள் மற்ற நாட்களில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவராக இருக்கலாம், கொத்தனாராக இருக்கலாம். வசூலான பணம், கடைசியில் அவர் குலசைக்குப் போகும்போது கோயிலில் காணிக்கையாகச் சேரும்.

ஏன் வேடம் கட்டினீர்கள் என்று கேட்டால் பலரிடமிருந்தும் ஒரு நோயின் கதைதான் வரும். பிள்ளைக்கு வலிப்பு நின்றது, மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, விபத்துக்குப் பிறகு தனக்குக் கால் ஊன்ற முடிந்தது. அம்மை கண்ட காலத்தில் தொழுது பழகிய தெய்வம் முத்தாரம்மன். நோய்க்கும் அந்தச் சன்னிதிக்கும் உள்ள உறவு பழையது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு கட்டுப்பாடு உண்டு. கையில் காசு உள்ளவர்கூடத் தன் பையிலிருந்து எடுத்து உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பிவிட முடியாது. நாலு வீடு ஏற வேண்டும், கை நீட்ட வேண்டும், ஊரார் கொடுத்ததைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குழந்தை பிழைத்ததற்காகத் தாய்மார்கள் முந்தானை ஏந்தி எடுக்கும் மடிப்பிச்சையிலும் இதே விதிதான்.

ஆக, உடல்நலத்தை முன்னிட்டு நடப்பதும், நடக்கும்போதே பணம் திரட்டுவதும், அதை ஒரு பொது இடத்தில் ஒப்படைப்பதும் தாமிரபரணிக் கரைக்குப் புதிய பழக்கங்கள் அல்ல. புதிதாக வந்திருப்பவை புற்றுநோய்க்காக நடை, சிறுநீரக நோய்க்காக ஓட்டம், இதயத்துக்காக சைக்கிள் பயணம் என்று நகரங்களில் நடத்தப்படும் நிகழ்ச்சிகள். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் வெளியிலிருந்து டி-ஷர்ட்டையும் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு, வீடு ஏறிக் கேட்பதை விட்டுவிட்டோம் என்பதே என் கணிப்பு. இந்த நிகழ்ச்சிகள் எங்கெல்லாம் ஆஸ்பத்திரி கட்டும் அளவுக்குப் பணம் திரட்டினவோ அங்கெல்லாம் பணம் வந்த வழி அப்படிக் கேட்பதுதான். அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மேற்கு நாடுகளில் இது பரவிய விதத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் போலியோவை எதிர்த்து 1938இல் தொடங்கிய மார்ச் ஆஃப் டைம்ஸ் இயக்கம் சில்லறைக் காசுகளாகத் தபாலில் பணம் சேர்த்தது. தடுப்பூசி வந்து போலியோ அடங்கிய பின் பச்சிளங் குழந்தைகளின் நலத்தை எடுத்துக்கொண்ட அதே இயக்கம், 1970இல் நிதிநடைகளை நடத்தத் தொடங்கியது. நடப்பவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே போய், இத்தனை மைல் நடந்தால் இவ்வளவு தருவீர்களா என்று எழுதி வாங்கிக்கொள்வார். நடந்து முடித்த பிறகு போய் வசூலிப்பார். நடை ஒரு நாள், வசூல் பல நாள்.

1980 ஏப்ரல் 12ஆம் தேதி டெரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர் அட்லாண்டிக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். அன்றைய செயற்கைக் கால் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. நல்ல காலில் ஒரு துள்ளல், செயற்கைக் காலில் ஒரு ஊன்றல் என்று தத்தித் தத்தித்தான் ஓட முடியும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில் புற்று நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து செப்டம்பர் 1ஆம் தேதி நின்றார். அடுத்த ஆண்டு ஜூன் 28இல் இறந்தபோது அவருக்கு வயது 22. கனடாவின் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்பது அவர் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981 பிப்ரவரியில், நாட்டின் மக்கள்தொகை அளவுக்கு, அதாவது 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், சேர்ந்துவிட்டது. தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் விளம்பரம் தேடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவர் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது, இவ்வளவு கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சென்னையில் ஐஐடி வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

அதே 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைத் திரட்டி சைக்கிள் பயணம் நடத்தினார். தோல் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பிக் கடற்கரை ஊரான பிராவின்ஸ்டவுனில் முடித்தபோது கையில் சேர்ந்தது 10,200 டாலர். பான்-மாஸ் சேலஞ்ச் என்ற அந்தப் பயணம் இன்றுவரை டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குக் கொடுத்த மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதன் ரகசியம் இரண்டு விதிகளில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டியே ஆக வேண்டும் என்பது ஒன்று. அவர் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவத்துக்கே போகும், சாப்பாடு, கூடாரம், போக்குவரத்துச் செலவுகளைப் பதிவுக் கட்டணமும் புரவலர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்பது மற்றொன்று. கொடுக்கிறவனுக்குத் தன் பத்து ரூபாய் வாழைப்பழத்துக்கும் பந்தலுக்கும் போகாது என்ற உறுதி இருந்தால்தான் அடுத்த ஆண்டும் கொடுப்பான்.

இப்படி உடலை வருத்திக்கொண்டு கேட்கும்போது ஏன் அதிகம் கிடைக்கிறது? கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராக எடுத்துக்கொண்டது. ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் வழி சுகமானதாக இருக்கும்போது கொடுப்பதைவிட, வலியும் உழைப்பும் உள்ளதாக இருக்கும்போது மனிதர்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பட்ட சிரமம் அந்தக் காரியத்துக்கே ஒரு பொருளைத் தந்துவிடுகிறது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும் தசரா பக்தரைப் பார்த்துக் கதவைத் திறந்தவர்களுக்கு இந்த ஆய்வு வியப்பளிக்காது.

இன்னொரு ஆய்வு லண்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களின் இணைய நன்கொடைப் பக்கங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்தது. ஒருவர் பக்கத்தில் முன்னால் கொடுத்தவர்களின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவர் ஏறத்தாழ இரண்டரை பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டார்கள். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டு அறியாத உண்மையா இது? முன்னால் எழுதியவர் ஐந்நூற்றொன்று என்றால் பின்னால் வருபவரின் கை பையில் இன்னொரு முறை துழாவும். பெயரும் தொகையும் எல்லாரும் பார்க்க எழுதப்படுவதுதான் மொய்யின் பலம். நிதிநடைக்கும் அதுதான் பலம்.

நமக்கு மிக அருகில், தமிழ் மண்ணிலேயே, ஒரு நடை ஆஸ்பத்திரியைக் கட்டியிருக்கிறது. இலங்கையின் வடக்கில் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறைக்கு நடந்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். இருவரும் ஆடைத் தொழில் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர்கள். 670 கிலோமீட்டர், 27 நாள். டிரெயில் என்று பெயர் வைத்த அந்த நடையின் நோக்கம் ஒன்றே ஒன்று: யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை.

ஏன் தெல்லிப்பழை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புற்றுநோய் கண்ட வடபகுதி மக்கள் முழுமையான சிகிச்சைக்குக் கொழும்பை அடுத்த மகரகமவுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் போய்த் திரும்பும் தூரமல்ல. மொழி வேறு, தங்க இடமில்லை, உடன் போகிறவருக்கும் கூலி போகும். நோயைவிட வழி பெரிதாக இருந்தது. நடந்து வந்த இருவரோடு வழியிலிருந்த ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகத் தோழர்களும் ஒரு நாள், இரண்டு நாள் என்று சேர்ந்து நடந்தார்கள். 20 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது, மருத்துவமனை எழுந்தது. 2016 அக்டோபரில் அதே பாதையைத் திருப்பிப் போட்டார்கள். பருத்தித்துறையில் தொடங்கித் தெய்வேந்திரமுனையில் முடிந்த அந்த 28 நாள் நடை, தெற்கே காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. தெற்கிலிருந்து நடந்து வடக்குக்குக் கட்டியதும், வடக்கிலிருந்து நடந்து தெற்குக்குக் கேட்டதும் அரசியல் மேடைகளால் செய்ய முடியாத காரியம் என்றே எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டிலும் மக்களிடம் கை நீட்டித்தான் முதல் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் இந்திய சங்கத்தின் துணையோடு ஊர் ஊராக நிதி சேர்த்து அடையாற்றில் 1954இல் தொடங்கிய மருத்துவமனைக்கு அன்று இருந்தவை 12 படுக்கைகள். 1952 அக்டோபரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் நேரு. ஆனால் அடிக்கல்லுக்கும் 12 படுக்கைக்கும் இடையிலிருந்த தொலைவைக் கடக்க உதவியது பொதுமக்களின் பணம்.

இன்றைய ஓட்டங்களுக்கு வருவோம். கோவை மாரத்தானைக் கோவைப் புற்றுநோய் அறக்கட்டளை 2013 முதல் நடத்திவருகிறது. சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் குழுவின் அரை மாரத்தான், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தர நிதி சேர்க்கிறது. கலைஞர் நினைவு மாரத்தான் 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி சென்னையில் நடந்தபோது 73,000 பேருக்கு மேல் பதிவுசெய்து கின்னஸ் சாதனையாயிற்று. பதிவுக் கட்டணமாக வந்த ஏறத்தாழ 3.4 கோடி ரூபாயை அரசு மருத்துவமனையில் நோயாளிகளின் உடனாளர்கள் தங்கும் கட்டடத்துக்கு ஒதுக்கினார்கள். உடனாளருக்கு ஒரு கூரை என்று யோசித்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனாலும் வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 500 ரூபாய்க்கும் குறைவு. அந்த 73,000 பேரில் ஒவ்வொருவரும் தன் தெருவில் பத்து வீட்டுப் படியேறி ஆளுக்கு 50 ரூபாய் கேட்டிருந்தால் தொகை இரட்டிப்பாகியிருக்கும். அதைவிட முக்கியம், ஏழு லட்சம் வாசல்களில் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும்.

நுழைவுக் கட்டணத்தை நம்பும் நிகழ்ச்சிக்கு ஒரு வரம்பு உண்டு. கட்டணத்தைக் கூட்டினால் ஏழை ஓடமாட்டான். குறைத்தால் டி-ஷர்ட், பதக்கம், ஓட்ட நேரம் பதியும் சிப், தண்ணீர், மேடை, ஒலிபெருக்கி என்று செலவிலேயே கரைந்துவிடும். புரவலர் கிடைத்தால் மீதி நிற்கும், கிடைக்காவிட்டால் நிற்காது. இங்கே ஓடுபவர் வாடிக்கையாளர். குலசைக்குப் போகும் வேடதாரி வாடிக்கையாளர் அல்ல, தூதர். தன் வேதனையைக் காட்டி மற்றவர் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்.

திருநெல்வேலியில் நான் பார்த்த நலநடைகள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராதவை, விழிப்புணர்வுப் பேரணிகள். காலை ஏழு மணிக்குக் கல்லூரி மாணவ மாணவியர் வரிசையாக நிற்பார்கள். பதாகை முன்னால் பிடிக்கப்படும், கொடி அசைக்கப்படும், படம் எடுக்கப்படும். வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்ததும் கலைந்துவிடும். கண் தானம், நீரிழிவு, மார்பகப் புற்று, ரத்த தானம் என்று எடுத்துக்கொள்ளும் விஷயங்கள் அத்தனையும் நல்லவை. நடந்த பிள்ளைகளின் அக்கறை உண்மையானது. அவர்கள் கையில் ஒரு தட்டையும் ஒரு ரசீதுப் புத்தகத்தையும் கொடுத்திருந்தால் என்ன என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். அரசும் 2023 நவம்பர் 4ஆம் தேதி, நடப்போம் நலம் பெறுவோம் என்ற பெயரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அது நடப்பவரின் சொந்த உடம்புக்காக. அதே கால்களை அடுத்தவர் உடம்புக்காகவும் நடக்க வைக்கலாம்.

இந்த ஊருக்கு வள்ளலைக் கொண்டாடத் தெரியும். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்ட மக்களிடம் வசூல் செய்யலாம் என்று கலெக்டர் யோசித்தபோது, முழுச் செலவையும் நானே தருகிறேன் என்று முன்வந்தவர் சுலோச்சன முதலியார். 1843இல் திறந்த அந்தப் பாலம் பதினொரு வளைவுகளோடு இன்றும் நிற்கிறது, அவர் பெயரும் நிற்கிறது. நானும் அந்தப் பாலத்தில் பெருமையோடுதான் நடக்கிறேன். ஆனால் ஒரு வள்ளல் வருவார் என்று காத்திருக்கும் பழக்கத்தையும் இந்தக் கதை ஊட்டியிருக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. இதே நெல்லை மண்ணில்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணமில்லாமல் உள்ளூர்க் காணிக்கையில் நடத்துவது என்பது அதன் கொள்கை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்த கிறிஸ்தவப் பெண்களும், பிடியரிசி கொடுத்த இந்துக் குடும்பங்களும் வள்ளல்கள் அல்லர். அவர்கள் வழியும் இந்த ஊரின் வழிதான்.

சரி, யாருக்காகத் திரட்டுவது? பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பார்த்துக்கொள்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இவற்றால் வைத்தியச் செலவு என்ற பூதம் பெருமளவு அடங்கியிருக்கிறது. ‘வைத்தியத்துக்குச் செலவில்ல அண்ணாச்சி, வந்து போறதுக்குத்தான் முடியல’ என்பது ஆஸ்பத்திரி மரத்தடிகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு.

கதிர்வீச்சு சிகிச்சை என்பது வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் கருவியின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்காக அம்பாசமுத்திரத்துக்கு அப்பாலிருந்து ஒருவர் விடியற்காலை பஸ் ஏறி மாலையில் வீடு சேர்கிறார். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவருக்கு அது வாழ்நாள் முழுவதும். தனியாக வர முடியாது, மனைவியோ மகளோ கூட வர வேண்டும். முக்கூடல் பக்கத்திலும் மேலப்பாளையத்திலும் அப்படிக் கூட வருகிற பெண் பீடி சுற்றுபவளாக இருப்பாள். கடையிலிருந்து இலையும் தூளும் எடைபோட்டு வாங்கி, மடியில் தட்டை வைத்து, இலையைத் தகடு வைத்து வெட்டி, சுற்றி, முனை மடக்கி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நாளில் தட்டு காலி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கும், போன கூலிக்கும் யாரும் பொறுப்பில்லை. பாதியில் சிகிச்சையை விடுகிறவர்கள் நோயைப் பற்றி அறியாததால் மட்டும் விடுவதில்லை. அவர்களிடம் இன்னொரு விழிப்புணர்வுப் பேரணி எதைச் சொல்லும்?

ஆகவே தச்சநல்லூர் நடக்க வேண்டுமானால் கருவி வாங்க வேண்டாம், கட்டடம் கட்ட வேண்டாம். அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நாம் வழிச்செலவுக்கு நடக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறேன். 200 பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 25 வீடு ஏறி, வீட்டுக்கு 20 ரூபாய் வாங்கினால் ஒரு லட்சம். நோயாளியும் உடனாளரும் வந்துபோக, சாப்பிட ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்தால் அது 500 நாள். முப்பது நாள் கதிர்வீச்சு எடுக்க வேண்டியவர்களில் பதினாறு பேர் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க அது போதும். 200 பேர் என்பது ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள், ஒரு கோயில் கமிட்டி, ஒரு சர்ச், ஒரு ஜமாத், இரண்டு மூன்று மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்தால் வந்துவிடும் எண்ணிக்கை.

சைக்கிளுக்கும் இங்கே நல்ல பாதை இருக்கிறது. பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆற்றை ஒட்டி இறங்கும் சாலை, வாய்க்கால்கள், வயல்கள். நோயாளிகள் தினமும் பஸ்ஸில் வருகிற சாலையும் இதுதான். ஒவ்வொரு ஊர் பஸ் நிறுத்தத்திலும் சைக்கிளை நிறுத்திக் கடைக்காரர்களிடம் தட்டை நீட்டலாம். அந்த ஊர்ப் பணம் அந்த ஊர் நோயாளிக்கே என்று சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர் குறைவாக இருப்பார்கள். முகம் தெரியாத நோய்க்குக் கொடுப்பதைவிட, பக்கத்துத் தெருவிலிருந்து காலை ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நிற்கிற ஆளுக்குக் கொடுக்க நமக்குக் கை வரும்.

பணம் என்றதும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். இங்கிலாந்தில் 2020இல் நூறு வயதை எட்டவிருந்த கேப்டன் டாம் மூர் தன் வீட்டுத் தோட்டத்தில் நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு 100 சுற்று நடந்து, பொது மருத்துவச் சேவையின் அறநிதிகளுக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார். அந்தத் தொகை சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. பின்னர் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையில் குடும்பத்தினர் தனிப்பட்ட ஆதாயம் அடைந்ததாக அந்நாட்டு அறக்கொடை ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஒரு முதியவரின் உண்மையான நடையின் மேல் அந்த நிழல் விழுந்தது வேதனை தருவது. நல்லெண்ணம் கணக்குக்கு மாற்றாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணக்கு எழுதவும் நமக்குத் தெரியும். கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் ஊர்களில் கொடை முடிந்ததும் வரவு செலவை எழுதிப் பொது இடத்தில் ஒட்டுகிறார்கள். எட்டு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் கேட்க ஆள் உண்டு. நிதிநடைக்கும் அப்படியே செய்யலாம். வீட்டுக்காரர் கண் முன்னே ரசீது. அன்று மாலையே இரண்டு மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, மறுநாள் வங்கியில் கட்டுவது. நிகழ்ச்சிச் செலவுக்குத் தனிப் பணம், வசூலிலிருந்து ஒரு டீக்குக்கூட எடுப்பதில்லை என்ற விதி. பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் அதற்கான பதிவுள்ள அறக்கட்டளை வழியாக, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காமல், வங்கி வழியே வாங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. யாருக்கு வழிச்செலவு தேவை என்பதை அவர்களும் வார்டு நர்சுகளும் சொல்வதுதான் சரி. பலகையில் எழுதும்போது எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதும். உதவி வாங்கியவரின் பெயரும் படமும் வேண்டாம். தன் வறுமையை ஊருக்குக் காட்டித்தான் பஸ் காசு வாங்க வேண்டும் என்றால் பலர் வாங்கவே மாட்டார்கள்.

எப்போது நடப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பாளையங்கோட்டை வெயில் தமிழ்நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. பங்குனிக்குப் பிறகு முதியவர்களை நடக்க வைப்பது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியே வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்கள் மார்கழித் தொடக்கத்தையும் நம்பமாட்டார்கள். தை மாதம் தோதானது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கிப் பச்சை உடுத்துப் பாதயாத்திரை போகிறவர்கள் அப்போது சாலையெங்கும் இருப்பார்கள், நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதானமும் இருக்கும், வண்டிக்காரர்கள் நடப்பவர்களைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். ஆனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இருட்டில் நடக்கும் அந்த யாத்திரையில் வாகனம் மோதி உயிர் போகும் செய்தி அடிக்கடி வருவதையும் மறக்கக் கூடாது. இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கரைப் பக்தர்களின் பையிலும் கம்பிலும் போலீஸார் ஒட்டிவிடுவது அதனால்தான். நம் நடை விடிந்த பிறகு தொடங்கட்டும்; லாரிகள் விரையும் வடக்குப் புறவழிச்சாலையைத் தவிர்த்துத் தெருக்களுக்குள்ளேயே போகட்டும். வசூல் தெருக்களில்தானே இருக்கிறது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எந்த முனைக்கு வர முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டு 200 பேர் வரமாட்டார்கள், நாற்பது பேர் வரலாம். பான்-மாஸ் சேலஞ்சில் முதல் ஆண்டு வந்தவர்கள் 36 பேர். நாற்பது பேர் மேலே சொன்ன கணக்கில் 20,000 ரூபாய் திரட்டினாலும், அம்பாசமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வருகிற மூன்று நோயாளிகள் தங்கள் கதிர்வீச்சின் கடைசி நாள் வரை பஸ் ஏற அது போதுமானது. அந்த மூன்று பேரின் வரவு செலவை அடுத்த தசராவுக்கு முன் தச்சநல்லூர் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். வேடம் கட்டியவர்கள் அந்தத் தெருவுக்கு வரும்போது, அடுத்த தையில் எங்களோடும் ஒரு நாள் நடப்பீர்களா என்று அவர்களிடமும் கேட்கலாம்.